கம்பெனி சர்வீசா, ஜங்ஷன் மெக்கானிக்கா, எக்ஸ்சேஞ்சா?

ஐப்பசி இடிமழை தொடங்கிவிட்டால் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்து மெக்கானிக் கடைகளில் டிவியும் வாஷிங் மெஷின் போர்டும் குவியும். மின்னலில் போனதற்குப் பெரும்பாலும் வாரன்டி கிடையாது. அதனால் புது மெஷினாக இருந்தாலும் கைக்காசுதான். அதை யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

கம்பெனி சர்வீசில் ஒரிஜினல் பாகம் கிடைக்கும், பில் கிடைக்கும், மாற்றிய பாகத்துக்குச் சில மாத வாரன்டியும் கிடைக்கும். ஆனால் வருகிறவர் போர்டைப் பழுது பார்க்க மாட்டார், மாற்றுவார். உள்ளே ஃபியூசும் பக்கத்தில் வேரிஸ்டர் என்ற, மின் அழுத்தம் எகிறினால் தடுக்கும் ஒரு சின்னப் பாகமும் மட்டும் கருகியிருந்தாலும் முழு போர்டுக்குத்தான் விலை. மாடல் பழையது என்றால் "பார்ட் வர்றதில்லை சார்" என்பதோடு விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எல்லையோரத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. ஓணம் ஆஃபரில் திருவனந்தபுரத்தில் வாங்கியிருப்போம், வீட்டு பின்கோடு தமிழ்நாடு. கடைக்காரர் நாகர்கோவில் சர்வீஸ் சென்டரைக் காட்டுவார், சென்டர்காரர் கடையைக் காட்டுவார்.

ஜங்ஷன் மெக்கானிக் போர்டைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்க்கிறவர். உப்பிய கப்பாசிட்டர், டிவியின் பேக்லைட் எல்இடி வரிசை, பவர் சப்ளை ஐசி எல்லாம் அவருக்கு அன்றாட வேலை. செலவும் பெரும்பாலும் குறைவு. அவரிடம் இல்லாதது சர்க்யூட் வரைபடமும் உதிரிபாகமும்தான். கம்பெனி இரண்டையும் தன் ஆட்களைத் தாண்டி வெளியே விடுவது அபூர்வம். எனவே ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், கிடைக்கும் செத்த போர்டிலிருந்து பிடுங்குகிறார், இல்லையென்றால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பார்சல் வரக் காத்திருக்கிறார். பாகம் தாமதமானால் திட்டு வாங்குவது அவர்தான்.

அவர் கையைக் கட்டுவது வடிவமைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. பல வாஷிங் மெஷின்களில் போர்டின் மேல் கெட்டியாகிவிடும் ரெசின் என்ற பிசினை ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஈரம் புகாமல் இருக்கத்தான் என்கிறார்கள். நம் ஊர் மழைக்கு அது நியாயம்தான். ஆனால் உள்ளே ஒரு பாகம் போனால் ரெசினைச் சுரண்டுவதற்குள் போர்டே போய்விடும். இன்னும் சில மாடல்களில் தண்ணீர் நிற்கும் தொட்டியான டப்பின் இரு பாதியையும் உருக்கி ஒட்டியிருப்பார்கள். பேரிங் தேய்ந்தால் டப்பையே மாற்ற வேண்டும். இதற்கு எந்த மழையைக் காரணம் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

வெளியாள் திறந்தால் ஆபத்து என்று கம்பெனிகள் சொல்லும் பாதுகாப்பு வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மைக்ரோவேவில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கலாம். புது ஃபிரிட்ஜ்களில் பரவலாக இருக்கும் ஆர்600ஏ என்ற குளிர்விக்கும் வாயு தீப்பற்றக்கூடியது. இந்த இரண்டுக்கும் கம்பெனியையோ பயிற்சி பெற்றவரையோதான் கூப்பிட வேண்டும். மிக்சி, டிவி, வாஷிங் மெஷினுக்கு அதே பயத்தைக் காட்டுவது வியாபாரம்.

நம் அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. கையேடு, சர்வீஸ் சென்டர் விவரம் தேட உதவும், மெக்கானிக்குக்கு போர்டு வாங்கித் தராது. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் உதிரிபாகத்தை வெளியாருக்கு விடாத 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மிக்சிக்கும் டிவிக்கும் அப்படி யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2021 மார்ச்சிலிருந்து புது வாஷிங் மெஷின் மாடல்களுக்கு, விற்பனை நின்று 10 ஆண்டு வரை முக்கியப் பாகங்களை வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடாத பொருளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, பேரம் பேசினாலே கிடைத்துவிடுகிற தொகைதான். டிவி பேனல் உடைந்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். பேனல் விலை புது டிவிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

சரி, என் வரிசை: வாரன்டிக்குள் கம்பெனி, முடிந்தபின் மெக்கானிக், அவரே கைவிரித்தால் கம்பெனியிடம் எழுத்தில் எஸ்டிமேட். வாரன்டிக்குள்ளேயே இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, பொருளைத் திருவனந்தபுரத்தில் வாங்கியிருந்தாலும் குமரி மாவட்டத்துக்காரர் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பில் எழுத்து மங்கும் ரகத் தாளில் இருந்தால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.