எது சிந்தினால் கிணறு சீக்கிரம் தேறும்: பெற்றோலா, எதனோல் கலந்ததா, பயோடீசலா?

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவில் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்த கேன் ஒன்று கசிந்துவிட்டது. அரை லீற்றர் போயிருக்கும். அடுத்த நாள் வாளித் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்ததைக் கண்ட அம்மா அன்றைக்கே பக்கத்து வீட்டில் தண்ணீர் எடுக்கத் தொடங்கிவிட்டார். பயிரிலிருந்து எடுத்த எரிபொருள், எதனோல் என்ற மதுசாரமோ தாவர எண்ணெயில் செய்த பயோடீசலோ, சிந்தியிருந்தால் பரவாயில்லை என்று அப்போது நானும் நினைத்தேன். அது தவறு.

தனிப் பெற்றோலில் நாம் பயப்பட வேண்டியது பென்சீன். புற்றுநோய் தருவது. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. நிலத்தடியில் இருக்கும் பற்றீரியாக்கள் ஒட்சிசன் இருந்தால் இதை நன்றாகவே தின்று முடிக்கும். ஒட்சிசன் தீர்ந்துவிட்டால் நைத்திரேற்று, இரும்பு, சல்பேற்று என்று அடுத்ததைப் பிடித்துச் சமாளிக்கும், ஆனால் பென்சீன் உடையும் வேகம் நன்றாக விழுந்துவிடும்.

எதனோல் கலந்த பெற்றோல்தான் என் கணக்கில் மூன்றிலும் மோசம். இந்தியாவில் இப்போது 20 சதவீதம் கலக்கிறார்கள். எதனோல் தண்ணீரோடு முழுதாகக் கலந்துவிடும், பற்றீரியாவுக்கு லேசாகச் செரிக்கும், அதனால் அவை முதலில் அதைத்தான் தின்னும். தின்னும்போது ஒட்சிசனையும் மிச்சத்தையும் துடைத்துவிடும். பென்சீனின் முறை வரும்போது ஒன்றும் இருக்காது. கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் விமானப்படைத் தளத்தில் இதை நேரிலேயே செய்து பார்த்தார்கள்: நிலத்தடி நீரில் பக்கத்துப் பக்கமாக இரண்டு தடங்கள், ஒன்றில் பென்சீனும் அதன் கூட்டாளிகளும் மட்டும், மற்றதில் அவற்றோடு எதனோலும், ஏறக்குறைய ஒன்பது மாதம். எதனோல் இல்லாத தடத்தில் மாசு முதலில் நீண்டு, பிறகு நன்றாகச் சுருங்கியது. எதனோல் விட்ட தடத்தில் சல்பேற்று தீர்ந்து மெதேன் வரத் தொடங்கியது, பென்சீன் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. எதனோல் மட்டும் தூரம் போகாமலே முடிந்துவிட்டது! 85 சதவீத எதனோல் என்றால் கதை கொஞ்சம் வேறு, பென்சீனே குறைவு, ஆனால் மெதேன் கூடும். மூடிய மோட்டர் அறைக்குள் அது சேர்ந்தால் தீப்பொறி ஒன்று போதும்.

பயோடீசல் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, சிந்திய இடத்து மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், அதைக் கலக்கும் டீசலிலும் பென்சீன் மிகக் குறைவு. அதனால் தூரத்துக் கிணற்றுக்கு ஆபத்து குறைவு. சிந்திய இடத்துக்கு அப்படியில்லை, மெல்ல மெல்ல உடைந்து நீண்ட காலம் ஒட்சிசனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சரி, எங்கள் மண்ணில்? எங்கள் தோட்டக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று நிறைய, அது பற்றீரியாவுக்குக் கைகொடுக்குமே என்று தோன்றும். எதனோல் வந்தால் அதுவும் எதனோலுக்கே போகும். கீழே மயோசீன் என்னும் பழங்காலத்துச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் குகையுமாக இருப்பதால் தண்ணீர் சில இடங்களில் விரைவாக ஓடும், பற்றீரியாவுக்கு நேரமே கிடைக்காது. பக்கத்துச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் வந்தபோது எத்தனை குடும்பங்கள் பவுசர் தண்ணீரை நம்பி இருந்தன என்று நமக்குத் தெரியும். அதனால் என் கிணற்றுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒன்றுதான் சிந்த வேண்டுமென்றால் பயோடீசலைச் சொல்வேன், பிறகு தனிப் பெற்றோல், எதனோல் கலந்தது கடைசி.

எங்கள் கிணற்றில் மூன்று கிழமையில் மணம் போய்விட்டது. ஆனால் மூக்குக்குத் தெரிய பென்சீன் அந்த 10 மைக்ரோகிராமைப் போலப் பல மடங்கு வேண்டும். பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகுதான் அம்மா அந்தத் தண்ணீரில் உலை வைத்தார்.