மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரத்தம் சோதிக்க ஒரு கிளினிக்: வெள்ளை அணுக் கணக்கை உட்கார வைத்து விளக்குகிறார்கள்

கிளினிக் பேரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன், ஊர்க்காரர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியோடு (ரிங்கிட்) வேலை முடிந்துவிடும்போது இங்கே எதற்குக் காசு கொடுத்துப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இந்த டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் திணித்து அனுப்புவதில்லை, பேனாவால் வட்டம் போட்டுப் போட்டுச் சொல்கிறார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தபோதுதான் போனோம். ரிப்போர்ட்டில் வெள்ளை அணு 3.2 என்று இருந்தது. அதை 3,200 என்று படிக்க வேண்டும், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவ்வளவு. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை, லாப்புக்கு லாப் கொஞ்சம் மாறும். டெங்கியில் பிளேட்லெட் இறங்குவதற்கு முன்பே வெள்ளை அணு இறங்கத் தொடங்கிவிடுமாம். நம் ஆட்களோ பிளேட்லெட் எவ்வளவு, பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்பதோடு நின்றுவிடுகிறோம். காய்ச்சல் விட்டதும் பிழைத்துக்கொண்டோம் என்று தோட்டத்து வேலைக்குப் போய்விடுகிறார்களே, அந்த நேரம்தான் ஆபத்து என்றார். ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று ஹெமட்டோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) சேர்த்துப் பார்த்து, மறுநாளும் வரச் சொன்னார். ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு கட்டுவதில்லை.

எனக்குப் பிடித்தது அடுத்த பக்கம். வெள்ளை அணுவில் ஒரு வகையான லிம்போசைட் 60 சதவீதம் என்று நட்சத்திரக் குறி போட்டிருந்தது, பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அவர் சாவகாசமாக 3.2-இல் 60 சதவீதம் போட்டுக் காட்டினார், 1.9 வருகிறது, அது சரியான அளவுதான். உண்மையில் குறைந்திருப்பது நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை, அதனால் மற்றது விகிதத்தில் பெரிதாகத் தெரிகிறது. சதவீதத்தை மட்டும் பார்த்துக் கூகிளில் தேடினால் தூக்கம் போய்விடும்!

வெள்ளை அணு மொத்தம் ஏறினால் பெரும்பாலும் பாக்டீரியா தொற்று, நியூட்ரோஃபில் கூடும். செம்பனைத் தோட்டத்தில் எலிச் சிறுநீர்க் காய்ச்சலிலும் அப்படி ஏறுவது உண்டு. ஆனால் சிகரெட், ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம் இவையும் ஏற்றிவிடும், ஆகவே ஏறியதெல்லாம் ரத்தப் புற்றுநோய் இல்லை. இயோசினோஃபில் என்ற வகை கூடினால் ஆஸ்துமா, அலர்ஜி, குடல் புழு என்று யோசிப்பார்களாம். அப்படியும், காரணம் தெரியாமல் எண் ஏறிக்கொண்டே போனாலோ, மிகவும் இறங்கினாலோ, ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஈப்போவுக்கு அனுப்பிவிடுவார்.

இப்போது குறை. கவுண்டரில் இருக்கும் பெண் ‘முழு பேக்கேஜ்’ எடுக்கச் சொல்லி நச்சரிப்பார், கொலஸ்ட்ரால், யூரிக் அமிலம் எல்லாம் சேர்த்து. காய்ச்சலுக்குப் போகிறவருக்கு அது எதற்கு? எஃப்பிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) மட்டும் போதும் என்று கறாராகச் சொல்லுங்கள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் வரும். காத்திருக்கும் இடத்தில் விசிறி பாதி நாள் சுற்றாது. சனிக்கிழமை காலையில் மட்டும் போய்விடாதீர்கள், தோட்டத்து வேன் எல்லாம் அன்றுதான் வந்து இறங்கும்.