தண்ணீர் ஊற்றினால் பணம் வாபஸ் இல்லை: ஒரு செஸ்ட் ரிக் வாங்கி ஏமாந்த கதை

தண்ணீர் சுமப்பதற்கென்று விற்ற பையில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். "நீர் பட்ட பொருள் பயன்படுத்திய பொருளாகக் கருதப்படும், திரும்பப் பெற இயலாது" என்று விற்றவர்கள் அனுப்பிய மின்னஞ்சலை மூன்று முறை படித்துப் பார்த்தேன். குடை வாங்கியவனைப் பார்த்து மழையில் ஏன் விரித்தாய் என்று கேட்பதுபோல் இருந்தது.

நான் காட்டுப் பாதைகளில் பறவை பார்த்துக்கொண்டு நடப்பவன். பைனாகுலர், குறிப்பேடு, டார்ச், மாற்று பேட்டரி, முதலுதவிப் பொருள்கள் எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முதுகுப் பையை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால் பறவை காத்திருக்காது. படைவீரர்கள் தோட்டா நிரப்பிய மேகசின்களை வைக்கக் கட்டிக்கொள்ளும் செஸ்ட் ரிக் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். நெஞ்சுக்குக் குறுக்கே வரிசையாகப் பைகள், முதுகுப் பக்கம் நீர்ப்பை, தோள்மேல் வளைந்து வாய்க்கு வரும் குழாய். நடையை நிறுத்தாமலே குடிக்கலாம்.

இணையத்தில் ஒரு கடை. பெயரைச் சொல்லப்போவதில்லை, இதே படங்களையும் இதே வாசகங்களையும் வைத்துக்கொண்டு வெவ்வேறு பெயரில் பல கடைகள் இருக்கின்றன. "ராணுவத் தரம், 1000டி நைலான், 3 லிட்டர் நீர்ப்பையுடன், எல்லா மோலி பைகளும் பொருந்தும்." மோலி என்பது நாடா வரிசைகளில் பைகளைக் கோர்த்து மாட்டும் முறை. இந்த நான்கில் ஒன்றுகூட உண்மையில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நடையும் ஒரு கண்ணாடித் தம்ளரும் தேவைப்பட்டன.

பெட்டி வந்த அன்று போட்டுப் பார்த்தேன், கண்ணாடி முன்னால் நின்றேன், வீட்டில் உள்ளவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெறும் ரிக் யாருக்கும் கச்சிதமாகத்தான் உட்காரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று லிட்டர் ஊற்றினால் மூன்று கிலோ. அந்த எடையைக் காட்டாமலே நான் அதற்கு நற்சான்று கொடுத்துவிட்டேன். திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருந்தது. ஐந்து நாள் அலமாரியில் தொங்கவிட்டிருந்தேன்.

ஆறாம் நாள் நடை. முதல் கால் மணி நேரத்திலேயே வார் வழுக்கத் தொடங்கியது. நூறு அடி வைப்பதற்குள் இடது தோள் வார் பக்கிளுக்குள் இரண்டு விரல்கடை இறங்கிவிடும். இழுத்து இறுக்குவேன், மறுபடி இறங்கும். முதுகில் நீர்ப்பை இருந்த உறையை மேலே மட்டும் இரண்டு மெல்லிய நாடாக்கள் பிடித்திருந்தன. கீழே கட்டே கிடையாது. அடிக்கு அடி பை ஊஞ்சலாடி முதுகெலும்பில் மொத்தியது. தோள் வாரின் அகலம் 25 மில்லிமீட்டர், உள்ளே பஞ்சு என்பது பேருக்குக்கூட இல்லை. மேட்டில் ஏறும்போது முன்பக்கப் பைகள் தொடையில் இடிக்க, வார் கழுத்தோரம் அரம்போல் அறுத்தது. இதற்கிடையே குழாய் வால்வு தானாகவே சொட்டிச் சட்டையின் நெஞ்சுப் பகுதியை நனைத்துவிட்டது. குழாயை மூடும் திருகு எதுவும் இல்லை. குனிந்தால் ஒழுகும், உட்கார்ந்தால் இன்னும் ஒழுகும். குடித்த வாய்த் தண்ணீரிலோ புது மழைக்கோட்டின் நாற்றம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 1988ஆம் ஆண்டு நடந்த நூறு மைல் சைக்கிள் போட்டி ஒன்றில், மைக்கேல் எய்ட்சன் என்பவர் சலைன் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு காலுறைக்குள் திணித்து முதுகில் மாட்டிக்கொண்டு குழாய் வழியே குடித்துக்கொண்டே ஓட்டினார். கேமல்பேக் என்ற நீர்ப்பையின் தொடக்கம் அதுதான். அந்தக் காலுறை என்னுடைய "ராணுவத் தர" உறையைவிட உருப்படியாக இருந்திருக்கும் என்று அன்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

திரும்பி வந்ததும் அளவுகோலை எடுத்தேன். மோலி முறையில் 25 மில்லிமீட்டர் அகல நாடாவை 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக வைத்து, ஒவ்வொரு வரிசையையும் 38 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் எந்த நிறுவனத்தின் பையும் எந்த ரிக்கிலும் கோர்த்துக்கொள்ளும். என்னுடையதில் ஒரு கட்டம் 44, அடுத்தது 35, அதற்கடுத்தது 41. என்னிடம் முன்பே இருந்த பாட்டில் பை இரண்டாவது கட்டத்துக்குமேல் நுழைய மறுத்தது. நாடாவைப் பிடிக்கும் இடத்தில் பார்டேக் என்று தையல்காரர்கள் சொல்லும் நெருக்கமான குறுக்குத் தையல் இருந்திருக்க வேண்டும். இங்கே ஒற்றை நேர்த்தையல் முன்னும் பின்னும் ஓடியிருந்தது. நகத்தால் நெம்பினேன், ஒரு நூல் கையோடு வந்தது, அதைத் தொடர்ந்து நான்கு தையல் அவிழ்ந்தது.

நீர்ப்பையில் லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றினேன். வாய் தளும்பியபோது இரண்டரை லிட்டர்தான் போயிருந்தது. பையின்மேல் அச்சடித்த கோடு மட்டும் 3 என்று சிரித்தது.

பிறகு தம்ளர். வாரின் நுனியில் விரல்கடை அளவு வெட்டி, காற்றுக் குமிழி போகும்வரை தண்ணீருக்குள் விரலால் பிசைந்துவிட்டுக் கையை எடுத்தேன். நைலான் தண்ணீரைவிட அடர்த்தியானது, மூழ்க வேண்டும். இது கார்க்கைப்போல் மேலே வந்து நின்றது. மிதந்தால் அது பாலிப்ரோப்பிலீன். வழவழப்பான, மலிவான நாடா. இழுத்து இறுக்கிய வார் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அப்போது எனக்கு விடை கிடைத்தது. "1000டி" என்பதும் பாதி வித்தைதான். டெனியர் என்பது 9000 மீட்டர் நூலின் எடை இத்தனை கிராம் என்ற கணக்கு, அவ்வளவே. பாலியஸ்டரிலும் 1000 டெனியர் உண்டு. எண்ணைப் பெரிதாகப் போட்டால் என்ன நூல் என்று கேட்கத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை.

ஏழாம் நாள் காலையிலேயே இதையெல்லாம் படம்பிடித்து அனுப்பினேன். நான் தொடக்கத்தில் சொன்ன பதில் வந்தது. தம்ளரில் மிதக்கும் வார்த்துண்டின் படத்துக்கு அவர்கள் சொன்னது இன்னும் அழகு: பொருளை வெட்டிச் சேதப்படுத்திவிட்டீர்கள். நாலைந்து கடிதங்களுக்குப் பிறகு, கடையின் பக்கத்தில் நான் எழுதியிருந்த விமர்சனத்தை நீக்கினால் பாதித் தொகை தருவதாகச் சொன்னார்கள். நீக்கவில்லை. வங்கியில் பரிவர்த்தனைக்கு எதிராக முறையிட்டேன். விற்பனைப் பக்கத்தில் "நைலான்" என்று எழுதியிருந்ததை முதல் நாளே படம்பிடித்து வைத்திருந்தால் அது அன்றே முடிந்திருக்கும். நான் முறையிடுவதற்குள் அந்தச் சொல் பக்கத்திலிருந்து காணாமல் போயிருந்தது. பழைய ஆர்டர் மின்னஞ்சலில் தலைப்பு மட்டும் தப்பியிருந்ததால் பிழைத்தேன். பணம் வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது.

வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெட்டி வந்த அன்றே, சீட்டு எதையும் கிழிக்காமல், உங்களிடம் இருக்கும் மூடிய தண்ணீர் பாட்டில்களை நீர்ப்பை இருக்கவேண்டிய இடத்தில் வைத்துக் கட்டி, முன்பைகளிலும் சாமான்களை நிரப்பி, வீட்டுப் படிக்கட்டில் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். துணி நனையாது, அவர்களுக்குச் சாக்கும் இருக்காது. வார் வழுக்குகிறதா, பை ஆடுகிறதா, தொடையை உயர்த்தினால் முட்டுகிறதா என்பது அரை மணியில் தெரிந்துவிடும். கீழ்விளிம்பு தொப்புளுக்கு மேலே நிற்க வேண்டும்.

இப்போது வேறொரு ரிக் வைத்திருக்கிறேன். தோள் வார் நான்கு விரல் அகலம். முதுகில் வார்கள் குறுக்கே வெட்டாமல் இரண்டு பக்கமும் நேராக இறங்கி நடுவில் ஒரு பட்டையால் இணைகின்றன. நீர்ப்பை உறைக்கு மேலும் கீழும் கட்டு உண்டு. முதுகில் இரண்டு லிட்டர், விலாவின் இரண்டு பக்கமும் அரை லிட்டர் பாட்டில் ஒவ்வொன்று. பாட்டில்களைத்தான் முதலில் காலி செய்கிறேன், அதுவும் மாற்றி மாற்றி; முதுகுத் தண்ணீர் முதலில் தீர்ந்தால் முன்பக்கச் சாமான்கள் கழுத்தைக் கீழே இழுக்கும். நீர்ப்பையை நிரப்பியதும் தலைகீழாகப் பிடித்துக் குழாய் வழியே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் நடக்கும்போது களக் களக் என்ற சத்தம் வராது. அந்தச் சத்தத்தில் எத்தனை பறவைகள் பறந்திருக்கின்றன என்று எனக்குத்தான் தெரியும். குடித்து முடித்ததும் குழாயில் நிற்கும் தண்ணீரை ஊதிப் பைக்குள் தள்ளிவிடுவேன். வெயிலில் அடுத்த வாய் சுடாது, கடுங்குளிரில் குழாய் உறையாது.

நேற்று அந்த விற்பனைப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். அதே படங்கள், அதே "ராணுவத் தரம்". கீழே சிறிய எழுத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "நீர் நிரப்பிய பொருள்கள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டா."