படுத்துக்கொண்ட வரைபடம்: எந்த இடத்தில் நிமிர்த்துவது நல்லது?

புதுச்சேரியிலிருந்து பரங்கிப்பேட்டை வரையுள்ள கரையோர வரைபடம் அது. கடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆய்வேட்டை அச்சடிக்கக் கொடுத்திருந்த தம்பி, தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, ஸ்கிரீன்ல நேரா இருந்துச்சு. பிரிண்ட்ல படுத்துக்கிச்சு." தாளை நேராகப் பிடித்தால் வடக்கு இடப்பக்கம் போயிருந்தது, வங்காள விரிகுடா தலைக்கு மேலே நின்றது. கடைக்காரர் திரையில் சுழற்றிவிட்டு மறுபடி எடுத்தார். அந்தச் சுழற்சி பார்வைக்கு மட்டும்தான், கோப்பில் ஏறாது. இரண்டாவது பிரதியும் அப்படியே வந்தது.

இதைச் சரிசெய்ய நாலு இடம் உண்டு: படம் வரையும் மென்பொருள், பிடிஎஃப்பாக மாற்றும் கட்டம், முடிந்த பிடிஎஃப், ஆய்வேட்டின் பக்கம். எங்கே கை வைத்தாலும் படம் நிமிர்ந்துவிடும். ஆனால் ஓரிடத்தில் செய்தால் ஒரே முறை செய்தால் போதும். இன்னோரிடத்தில் செய்தால் படத்தைத் திருத்தும்போதெல்லாம் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

முதலில் யார் சுழற்றியது என்று பார்க்க வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பது பிடிஎஃப்புக்கு முன்பிருந்த, அச்சுக்கான கோப்பு வடிவம். அந்தக் காலத்து மென்பொருள்கள் தாளை நின்றவாக்கில்தான் எடுத்துக்கொள்ளும். லேண்ட்ஸ்கேப் (அகலவாக்கு) என்றால் தாள் திரும்பாது, படத்தையே 90 பாகை இடஞ்சுழியாகத் திருப்பி வரையும். கோப்பின் தலைப்பில் 'இது லேண்ட்ஸ்கேப்' என்று ஒரு குறிப்பும் இருக்கும். அதைப் படிக்கும் மென்பொருள் திரையில் நேராகக் காட்டும், படிக்காதது படுக்கவைத்தே காட்டும். தம்பியின் திரைக்கும் தாளுக்கும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். பிடிஎஃப்இன்ஃபோ என்ற சின்னக் கருவியில் கோப்பைக் கொடுத்தால் பக்க அளவும் சுழற்சியும் தெரியும். ஏ4 தாளின் 595க்கு 842 புள்ளி, சுழற்சி 0, ஆனாலும் படம் படுத்திருக்கிறது என்றால் வரைந்த மென்பொருளின் வேலை. சுழற்சி 90 என்றிருந்தால் பின்னால் ஏதோ ஒரு கருவி பக்கத்தைத் திருப்பியிருக்கிறது.

வரையும் இடத்திலேயே சரிசெய்வதுதான் என் முதல் தேர்வு. எண்களை வரைபடமாக்கும் மென்பொருள் க்னூபிளாட். எந்த வடிவில் கோப்பு வர வேண்டும் என்பதை அதில் டெர்மினல் என்பார்கள். அதன் போஸ்ட்ஸ்கிரிப்ட் டெர்மினல் சொல்லாமலே லேண்ட்ஸ்கேப்பில் 10க்கு 7 அங்குலமாக வரையும். அதிலேயே இபிஎஸ் (வேறு ஆவணத்தில் செருகுவதற்கான போஸ்ட்ஸ்கிரிப்ட்) என்று கேட்டால் படம் சுழலாது, ஆனால் 5க்கு 3.5 அங்குலமாகச் சுருங்கும். எழுத்தும் கூடவே பாதியாகும், அச்சில் எண்களைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டிவரும். அதைவிட பிடிஎஃப்கெய்ரோ டெர்மினல் நல்லது. அங்கே லேண்ட்ஸ்கேப், போர்ட்ரெய்ட் (நின்றவாக்கு) என்ற பேச்சே வேண்டாம். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்றால் பக்கமே அந்த அளவுக்கு வரும்.

தம்பி பயன்படுத்தியது ஜிஎம்டி, கட்டளைகளை வரிசையாகக் கொடுத்து நிலவரைபடம் வரையும் மென்பொருள். அதன் பழைய கட்டளை முறையிலும் இயல்புநிலை லேண்ட்ஸ்கேப்தான். போர்ட்ரெய்ட் வேண்டுமென்றால் மைனஸ் பி (-P) சேர்க்க வேண்டும், அதுவும் முதல் கட்டளையிலேயே. அவர் கடைசிக் கட்டளையில் சேர்த்திருந்தார். தாளின் திசை முதல் கட்டளையிலேயே முடிவாகிவிடுவதால் அதற்குப் பலன் இல்லை. 2019இல் வந்த ஜிஎம்டி 6இன் புதிய முறை படத்தைச் சுற்றி ஓரத்தை வெட்டித் தருகிறது, இந்தத் தலைவலியே இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிலேயே தொடங்குங்கள் என்று மனசாரச் சொல்வேன். பைத்தான் மொழியில் படம் வரையும் மேட்பிளாட்லிப்பில் சேமிக்கும்போது திசை சொல்ல ஒரு வசதி உண்டு, ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும். பிடிஎஃப்புக்குப் படத்தின் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றும் கட்டத்தில், போஸ்ட்ஸ்கிரிப்ட்டைப் பிடிஎஃப்பாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டைக் கவனிக்க வேண்டும். எழுத்துகள் பெரும்பாலும் எந்தப் பக்கம் ஓடுகின்றனவோ அதை வைத்து அது பக்கத்தைத் தானாகத் திருப்பும். ஒன்றின்கீழ் ஒன்றாகப் பன்னிரண்டு மாத அலையேற்றக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் செங்குத்தாக 'நீர்மட்டம்' என்ற பெயர் என்றால், நேராக இருந்த படத்தையும் அது படுக்கவைத்துவிடக்கூடும். ஆட்டோ ரொட்டேட் பேஜஸ் என்ற அமைப்பை 'நன்' (None) ஆக்கினால் இந்தத் தானியங்கிச் சுழற்சி நின்றுவிடும். இது எப்போதும் போட்டுவைக்க வேண்டிய காப்பு. ஆனால் வரையும்போதே படுத்த படத்தை இது நிமிர்த்தாது.

முடிந்த பிடிஎஃப்பை க்யூபிடிஎஃப் போன்ற கருவியால் சுழற்றுவது மிகச் சுலபம். மூலக் கட்டளைகள் கையில் இல்லாத பழைய படங்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அது செய்வது பக்கத்தின்மேல் ஒரு சுழற்சிக் குறிப்பு எழுதுவது மட்டுமே. படத்தை வேறொரு கோப்பில் செருகும்போது அந்தக் குறிப்பை எல்லா மென்பொருளும் மதிக்கும் என்று நம்ப முடியாது. வழிகாட்டி ஒரு எண்ணை மாற்றச் சொன்னால் படத்தை மறுபடி எடுத்து மறுபடி சுழற்ற வேண்டும். நள்ளிரவில் ஒரு படம் விட்டுப்போகும்.

சரி, படம் உண்மையிலேயே அகலமானது, தாளில் படுத்துத்தான் ஆக வேண்டும் என்றால்? அப்போது நேரான படத்தை ஆய்வேட்டின் பக்கத்தில் திருப்புவதுதான் முறை. ஆய்வேடுகளைப் பக்கமாக்கும் லேடெக் மென்பொருளில் பிடிஎஃப்எல்ஸ்கேப் தொகுப்பு திரையில் பக்கத்தையே திருப்பிக் காட்டும். ரொட்டேட்டிங் தொகுப்பில் பக்கம் நின்றபடி இருக்கும், படம் மட்டும் திரும்பும். தாளில் இரண்டும் ஒன்றே. பிடிஎஃப்பாகப் படிப்பவர்களுக்காக நான் முன்னதைத்தான் எடுப்பேன்.

அப்புறம் பைண்டிங். ஒரு பக்கம் மட்டும் அச்சடிக்கும் ஆய்வேட்டில் படுத்த படத்தின் தலை, தைக்கும் இடப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், படவிளக்கம் வெளி ஓரத்தில் வர வேண்டும். வலஞ்சுழியாகத் திருப்பிவிட்டால் படிப்பவர் புத்தகத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டியிருக்கும். தம்பியின் கரையோர வரைபடம் உயரமானது, அதற்கு இந்தத் தேவை எழவில்லை. மைனஸ் பியை முதல் வரிக்கு மாற்றினோம். கடலூர் நடுவில், புதுச்சேரி மேலே, பரங்கிப்பேட்டை கீழே, கடல் வலப்பக்கம் என்று வந்தது. அந்த ஒரு தாளை மட்டும் மாற்றி பைண்டிங்குக்குக் கொடுத்தார்.