கிருமிக்கொல்லிப் புரதம்: தொட்டியில் செய்வதா, இலையில் செய்வதா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். கால் புண்ணில் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃப் கிருமி புகுந்துகொண்டது. ஆண்டிபயாட்டிக்கை மூன்று முறை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம்தான் கிருமியைக் கொல்லும் புரதங்களைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முக்கியமாக இரண்டு வகை. பேஜ் என்ற வைரஸ் பாக்டீரியாவுக்குள் பெருகிவிட்டு, அதன் சுவரை உடைத்து வெளியே வர வைத்திருக்கும் நொதி என்டோலைசின். அதைத் தனியே எடுத்து வெளியிலிருந்து தடவினாலும் ஸ்டாஃப் கிருமியின் சுவர் கிழிந்துவிடும். ஈகோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு உறை இருப்பதால் இது அங்கே பெரும்பாலும் எடுபடாது. அதற்குக் கொலிசின். ஈகோலை தன் பங்காளிகளையே கொல்லச் சுரக்கும் புரதம் அது.

இவற்றை எங்கே தயாரிப்பது என்பதில்தான் போட்டி. ஸ்டீல் தொட்டியில் ஈகோலையை வளர்த்து அதற்குள் செய்வது பழகிய வழி. வேகமானது, அனுமதி தரும் அதிகாரிகளுக்கும் பரிச்சயமானது. ஆனால் கொலிசினை அதற்குள் செய்வது, தனக்கான நஞ்சை அதன் வயிற்றிலேயே சமைக்கச் சொல்வது போல. ஈகோலையின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் என்ற நச்சுப் பொருளையும் நீக்கியாக வேண்டும்.

செடிக்கு முதல் தொல்லை இல்லை, ஈகோலையின் எண்டோடாக்ஸினும் வராது. இதிலும் இரு வழி உண்டு. புகையிலையின் பசுங்கணிகத்திலேயே (இலைச் செல்லுக்குள் பச்சையம் இருக்கும் பகுதி) அந்தப் புரதத்தின் மரபணுவை நிரந்தரமாகச் சேர்ப்பது ஒன்று. 2009-இல் ஜெர்மனியில் இப்படிச் செய்தபோது, இலையில் கரையும் புரதத்தில் 70 சதவீதத்துக்கு மேல் என்டோலைசினாகவே இருந்தது. பசுங்கணிகத்தின் புரதம் செய்யும் திறனே வற்றிப்போகும் அளவுக்கு! ஆனால் அப்படி ஒரு செடியை உருவாக்கப் பல மாதங்கள் ஆகும்.

எனக்குப் பிடித்தது மற்றது. ஆஸ்திரேலியக் காட்டுப் புகையிலையின் இலையைத் திருப்பி, ஊசியில்லாத சிரிஞ்சை அடிப்பக்கம் வைத்து மெல்ல அழுத்துவார்கள். அந்த மரபணுவைச் செடியின் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா கலந்த நீர் உள்ளே இறங்க, நரம்புகளுக்கு நடுவே ஈரக் கறை போல அடர்பச்சை படரும். ஒரு வாரத்தில் இலையைப் பறித்துவிடலாம். கிருமி மாறினால் மரபணுவை மாற்றி மறுபடி ஏற்றலாம். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இந்தக் கைத்தொழில் நன்றாகவே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நம் நாட்டுக்கு அது பெரிய பலம்.

குறையும் உண்டு. செடி வளர்ப்பது மலிவு, ஆனால் நார், பச்சையம், நிகோட்டினையெல்லாம் பிரித்தெடுக்கப் பணம் கரையும். ரத்தத்தில் ஏற்றும் மருந்துக்கு அந்தச் சுத்தம் துளிகூடக் குறையக் கூடாது. அதனால் அங்கே இப்போதைக்குத் தொட்டியே மேல்.

உயிருள்ள பேஜையே கொடுப்பதும் ஒரு வழிதான். ஆனால் ஒவ்வொரு நோயாளியின் கிருமிக்கும் பொருந்தும் பேஜைத் தேட வேண்டும்.

உணவைக் கழுவுவதற்கு இலைதான் சரி. செடியில் செய்த கொலிசினை உணவில் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆட்சேபம் சொல்லவில்லை. 2018-இல் பொலோனி என்ற இறைச்சிப் பண்டத்தில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்டோரை இழந்த நமக்கு இது சின்ன விஷயமில்லை. லிஸ்டீரியாவைக் கொல்லும் என்டோலைசின்களும் இருக்கின்றன.

பெரியம்மாவின் காலில் தடவும் களிம்பென்றால், இலையில் விளைந்ததைத்தான் கேட்பேன்.