மெகான் ஆர்எஸ், சிவிக் டைப் ஆர்: பின்சக்கரத்தில்தான் சண்டை

மழை நாளில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபடி ஒரு சின்ன காரைச் சட்டென்று கிளப்பிப் பாருங்கள். உள்பக்க முன்சக்கரம் கீச்சிட்டுச் சுழலும். கார் திரும்பாமல் நேராக நழுவப் பார்க்கும். முன் டயர்கள் காரை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இருக்கும் பிடிப்பை இழுவையே தின்றுவிட்டால் திருப்பத்துக்கு எதுவும் மிஞ்சாது. முன்சக்கர இழுவையில் 300 குதிரைத்திறன் என்பது இந்தத் தொல்லையைத் தேடிப் போய் வாங்குவது. அப்படி வாங்கியும் ஜெயித்த கார்கள் இரண்டு: ரெனோ மெகான் ஆர்எஸ், ஹோண்டா சிவிக் டைப் ஆர்.

முன்பக்கத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பாதையில்தான் போகின்றன. வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் கையை மீறி ஒரு பக்கம் இழுக்குமே, அதற்குக் காரணம் சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு, சக்கரத்தின் நடுவிலிருந்து தள்ளி இருப்பது. இரு நிறுவனங்களும் ஸ்டீயரிங் அச்சை, சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் தூணான சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டிலிருந்து பிரித்து, சக்கரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தன. ரெனோ இதை 2004 மெகானிலேயே செய்துவிட்டது. கூடவே, சுழன்று வீணாகும் சக்கரத்திடமிருந்து விசையைப் பறித்து, பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கொடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதனால் வளைவின் பாதியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் வெளியே விலகுவதற்குப் பதில் மூக்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதற்குப் பழகாதவர் முதலில் திகைத்துப்போவார்.

வேறுபாடெல்லாம் பின்னால்தான். 2018 மெகான் ஆர்எஸ்ஸில் பின்சக்கரங்களும் திரும்பும். 60 கிமீ வேகத்துக்குக் கீழே முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் 2.7 டிகிரி வரை. அதற்கு மேலே அதே திசையில் 1 டிகிரி வரை. ரேஸ் மோடில் வைத்தால் இந்த எல்லை 100 கிமீக்கு ஏறிவிடும். கொண்டை ஊசி வளைவில் கையை மாற்றிப் பிடிக்காமலேயே கார் சுருண்டு திரும்பிவிடும். ஆனால் வேகமான வளைவுகள் அடுக்கடுக்காக வரும்போது, வேகம் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊசலாடும். பின்பக்கத்தின் நடத்தையும் கூடவே மாறும். அடுத்து என்ன செய்யும் என்று காரைச் சந்தேகித்துக்கொண்டே ஓட்டுவது எனக்குப் பிடிக்காது.

சிவிக்கில் இப்படி எந்த வித்தையும் இல்லை. பின்னால் ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் தனித்தனியாகப் பிடிக்கும் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், நீளமான வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்), அகலமான டயர். 2017 மாடலின் 245 மிமீ அகல, 20 அங்குல டயரைக் கைவிட்டு, 2022இல் வந்த மாடலுக்கு 265 மிமீ அகல, 19 அங்குல டயர் கொடுத்தார்கள். சக்கரத்தைச் சிறிதாக்கி ரப்பரை அகலமாக்குவது விளம்பரப் படத்துக்கு அழகல்ல, ஓட்டுபவருக்கு அழகு. குலுக்கலை அடக்கும் டேம்பரும் சாலைக்கேற்ப இறுக்கம் மாற்றிக்கொள்ளும். மெகானில் அந்த வசதி இல்லை. அதற்கு ஈடாக, பெரிய பள்ளத்தில் சஸ்பென்ஷன் அடிமட்டம் வரை அமுங்கும்போது அதிர்ச்சியை எண்ணெயில் கரைக்கும் தடுப்பு நான்கு பக்கமும் உண்டு. ரேலிப் பந்தயத்திலிருந்து வந்த யோசனை அது. சாலை மோசமாக இருந்தால் மெகான் சளைக்காது.

ரெனோவே தன் பின்சக்கர வித்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னது 2019இல். பந்தயத்தடத்துக்கென்றே 500 கார்கள் மட்டும் அறிவிக்கப்பட்ட டிராஃபி ஆர் மாடலில் பின்சக்கரத் திருப்பத்தைக் கழற்றிவிட்டார்கள். பின் இருக்கையையும் எடுத்துவிட்டார்கள். எல்லாமாகச் சேர்த்து 130 கிலோ வரை குறைந்தது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் முழுச் சுற்றை அது 7 நிமிடம் 45.389 நொடியில் முடித்தது. 2023இல் புதிய சிவிக் எடுத்துக்கொண்டது 7 நிமிடம் 44.881 நொடி. வித்தியாசம் அரை நொடிதான். ஆனால் ரெனோ கார்பன் சக்கரமும் கார்பன் செராமிக் பிரேக்கும் பூட்டி இரண்டு இருக்கையோடு போனது. சிவிக்கோ, தடத்துக்கேற்ற மிஷெலின் டயர் மாட்டியிருந்தாலும், நான்கு பேர் உட்காரக்கூடிய கார். சிவிக்குக்குக் குதிரைத்திறன் 30 போல அதிகம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்தான்.

ஹூண்டாய் ஐ30 என் காரை விட்டுவிட்டேன் என்று சிலர் கோபிப்பார்கள். விலைக்கு அது நல்ல கார், சிரிக்க வைக்கும் கார். இந்த இருவர் சண்டையில் நுழைய அதற்கு இன்னும் கொஞ்சம் முன்பிடிப்பு வேண்டும்.

என் ஓட்டு சிவிக்குக்கு. குறுகலான மலைப்பாதையே தினசரி வாழ்க்கை என்றால் மட்டும் மெகான். அதன் உற்பத்தி 2023இல் நின்றுவிட்டதால் இனி பழைய கார் சந்தையில்தான் கிடைக்கும். அது ஸ்போர்ட், கப் என்று இரண்டு வகைச் சேஸியோடு (அடிப்பாக அமைப்பு) வந்தது. தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, ஸ்போர்ட் சேஸியா, கப் சேஸியா என்பதை. மேலே சொன்ன டிஃபரன்ஷியல் கப்பில்தான் இருக்கிறது. அது இல்லாத மெகான், மழை நாளில் கீச்சிடும் அந்தச் சின்ன காரின் பணக்கார உறவுக்காரர்.