வேப்ப மருந்து 1500 பிபிஎம்: மல்லாட்டைப் புழுவுக்கு வாங்கலாமா?

வேலூர் பக்கத்து உரக்கடைகளில் அசாடிராக்டின் என்ற வேப்பங்கொட்டைக் கசப்புப் பொருள் உள்ள வேப்ப மருந்தை 300, 1500, 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) என்று வகை வகையாக அடுக்கியிருப்பார்கள். மல்லாட்டையில் விழுந்து இலையைத் தின்னும் புரோடீனியா புழுவுக்கு நடுவில் உள்ள 1500 தாராளமாகப் போதும். அடித்த மறுநாளே புழு செத்துக் கிடக்க வேண்டும் என்பவர்கள் மட்டும் வாங்க வேண்டாம்.

ஏனென்றால் இது முதலில் கைவைப்பது புழுவின் ருசியில். புழுவின் வாயோரம் பக்கத்துக்கு இரண்டாகக் கண்ணுக்குத் தெரியாத முளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு சுவை நரம்பு செல்கள். முளை நுனியில் இருக்கும் துளை வழியாக இலைச்சாறு அவற்றைத் தொடுகிறது. சர்க்கரைக்கான செல் துடித்தால் புழு தின்னும், கசப்புக்கான செல் துடித்தால் வாயை எடுத்துவிடும். அசாடிராக்டின் கசப்பு செல்லைக் கிளப்பிவிடுகிறது. சில புழு இனங்களில் சர்க்கரை செல்லையும் அடக்கிவிடுகிறது. மீறிக் கொஞ்சம் தின்ற புழு தோலுரிக்க முடியாமல் சாகும், அதற்குச் சில நாள் பிடிக்கும். ஆகவே வயலில் பார்க்க வேண்டியது இலையில் புதுக் கடி விழுகிறதா என்பதைத்தான்.

லிட்டருக்கு 5 மில்லி, 10 லிட்டர் டேங்குக்கு 50 மில்லி. கலவையில் 7.5 பிபிஎம் நிற்கும். 300 வகையை இதே அளவு ஊற்றினால் 1.5தான், விலை மலிவு என்று அதை வாங்குவது வீண். 10,000 வகையில் வீரியம் அதிகம், ஆனால் அசாடிராக்டின் அளவை மட்டும் பார்த்து வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. சுத்தமான அசாடிராக்டினைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் இந்தப் புழு கசப்புக்குப் பழகிப்போகிறது. அதே அளவு அசாடிராக்டின் உள்ள முழு வேப்பஞ்சாற்றுக்கு அப்படிப் பழகவில்லை என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. லேபிளில் ‘வேப்பெண்ணெய் சார்ந்தது’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

‘மருந்து வேலை செய்யவில்லை’ என்ற புகார்களில் பல, காலை பத்து மணிக்கு அடிப்பதால் வருவது. வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும், நம்மூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். மாலை நான்கு மணிக்கு மேல், இலையின் அடிப்புறம் நனைய அடிக்க வேண்டும். முட்டைக்குவியல் பொரிந்து குஞ்சுப்புழுக்கள் கூட்டமாக இலையைச் சுரண்டும் சமயம்தான் சரியான பருவம். பகலில் மண்வெடிப்பில் பதுங்கும் பெரிய புழுவிடம் இது எடுபடாது. அதற்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வேறு வழி பாருங்கள். காரத்தன்மை உள்ள போர் தண்ணீரும் மருந்தைக் கெடுக்கும். கலக்கியதை அன்றே அடித்து முடிக்க வேண்டும். கலக்கிய சற்று நேரத்தில் எண்ணெய் தனியாக மிதந்தால் அந்த பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

சொந்த வேப்பமரம் இருந்தால் காசு செலவே இல்லை. காய்ந்த பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 கிராம் சோப்பு சேர்த்து 100 லிட்டராக்கினால் 5 சதக் கரைசல். கொட்டை பறித்து மூன்று மாதத்துக்குக் குறையாமலும் எட்டு மாதத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். சாறு பால்போல் வெளுத்து வராவிட்டால் அந்தப் பருப்பில் சத்து இல்லை.